வேனிற்பள்ளியும் கூதிர்ப்பள்ளியும்

சுவரில் அடித்த முளையொன்றில் வட்ட விசிறி தொங்குகிறது. கைத்திறம் மிக்க கம்மியன் ஒருவன் செந்நிறம் தோய அழகுறச் செய்தது அது. கோடை முழுவதும் கைக்குக் கை மாறிய அவ்விசிறி இப்போது மடக்கி மாட்டப்பட்டுச் சிலந்தி நூல் படிந்து கிடக்கிறது. மேல்மாடத்து வேனிற்பள்ளியில் தென்றலை வரவேற்பதற்கென்றே அமைந்த சாளரங்கள் தாழிடப்பட்டுள்ளன. கன்னலில் நீர் குளிர்ந்திருக்கிறது, பருகுவார் இல்லை. வாயகன்ற தடவில் நெருப்பிட்டு மக்கள் அதனைச் சூழ்ந்திருக்கின்றனர். நக்கீரர் நெடுநல்வாடையில் காட்டும் கூதிர்கால நகரம் இது. நூற்றெண்பத்தெட்டு அடிகளில் அமைந்த அப்பாட்டைத் தலைவியின் பிரிவுத் துயருக்காகவும், வேம்பு கட்டிய வேலினால் அது அகமா புறமா என்று எழுந்த வழக்குக்காகவும் நாம் பலகாலும் படித்திருக்கிறோம். தமிழ்நாட்டு வீடு வெப்பத்தையும் தட்பத்தையும் எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அதனைப் படித்தவர் குறைவு.

அச்சான்று கூறும் செய்தி எளியது. வேனிலுக்கு ஓர் அறை, கூதிருக்கு ஓர் அறை. காலம் மாறும்போது மனிதர் அறை மாறினர். அறையின் காற்றை மாற்ற முற்படவில்லை. சிலப்பதிகாரத்திலும் இவ்வழக்கம் தொடர்கிறது. கோவலனும் கண்ணகியும் நெடுநிலை மாடத்தின் இடைநிலையில் இருக்கும்போது சாளரத்தின் குறுங்கண் வழியே தென்றல் நுழைகிறது. உடனே அவர்கள் வேனிலுக்குரிய நிலாமுற்றத்திற்கு ஏறிவிடுகின்றனர். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலோ பிரிந்த மகளிர் வேனிற்பள்ளியை நாடாமல் கூதிர்ப்பள்ளியின் சாளரத்தை அடைத்துக்கொள்கின்றனர். பருவத்துக்கேற்ற அறை இருந்தது என்பதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டிய தேவை இளங்கோவடிகளுக்கு இல்லை. துயரத்தை உணர்த்தும் குறிப்பாகவே அது அவருக்குப் பயன்பட்டது. படிப்போர் அனைவரும் அறிந்த பொருளைத்தானே கவிஞர் குறிப்பாக ஆள முடியும்?

சாளரத்துக்கு அந்நாளில் வழங்கிய மற்றொரு பெயர் காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலத்தில் சாளரத்தைக் குறிக்கும் சொல்லும் பழைய நார்வே மொழியில் ‘காற்றின் கண்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்ததே. குளிர்நாட்டாருக்குக் கண்ணாகத் தோன்றியது நம்மவர்க்கு வழியாகத் தோன்றியிருக்கிறது. வெளிச்சமும் காட்சியும் பின்னர் வந்தவை. காற்றே முதலில் நுழைந்தது.

நெடுநல்வாடை இன்னொன்றையும் சொல்கிறது. நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில் கோல் நட்டுத் திசையறிந்து, நூலிட்டு மனை வகுத்தனர் என்பது அச்செய்தி. மதுரை இருக்கும் அகலாங்கில் கதிரவன் நேர் உச்சிக்கு வருவது ஏறத்தாழச் சித்திரை முதல் வாரத்தில். ஆரணிப் பக்கத்தில் அதற்குச் சில நாள் கழித்து. ஆண்டில் இருமுறை உச்சிக்கு வரும் கதிரவனின் வெப்பத்தைச் சுவரைவிடக் கூரையே மிகுதியாக வாங்கிக்கொள்கிறது. ஆகவே நம் நாட்டு வீட்டின் வெப்ப வரலாறு பெரும்பகுதி கூரையின் வரலாறேயாகும்.

இவை யாவும் அரண்மனைக்கும் செல்வர் மாடத்துக்கும் உரியன என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினர் குடிலுக்கு ஈந்தின் இலையையும், முல்லைநிலத்தார் குடிலுக்கு வரகு வைக்கோலையும், வலைஞர் குடிலுக்குத் தருப்பைப் புல்லையும் கூரையாகக் காட்டுகிறார். நிலந்தோறும் விளைந்ததே கூரையாயிற்று. அவற்றில் இரண்டு பள்ளிகள் இல்லை. ஒரே அறையும் ஒரு மரநிழலும் இருந்தன.

திருமலையின் நிழல்

ஆரணிக்கும் போளூருக்கும் இடையில், வடமாதிமங்கலத்தை அடுத்துள்ள திருமலைக்கு வரலாற்று மாணவர்கள் பெரும்பாலும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியைத் தேடியே வருகின்றனர். கங்கைப் படையெடுப்பை எடுத்துரைக்கும் அக்கல்வெட்டு அங்குள்ள பாறையில் வெட்டப்பட்டுள்ளது. சமணப் பள்ளிக்கு விளக்கெரிக்க ஒரு வணிகன் மனைவி பொருள் அளித்ததைச் சொல்வதற்காகவே அது பொறிக்கப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வட நாட்டு வெற்றிகளின் நெடும் பட்டியல் அவ்விளக்குக்கு முன்னுரையாக நிற்கிறது. இராசராசனின் தமக்கை குந்தவையின் பெயரால் குந்தவை சினாலயம், பதினாறு மீட்டர் உயரத்தில் பாறையில் எழுந்து நிற்கும் நேமிநாதர், பாறையின் கவிப்பின்கீழ் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட ஓவிய அறைகள் ஆகியவை இம்மலைக்குப் புகழ் சேர்ப்பவை.

இவ்விடத்தைச் சமணர் தேர்ந்த காரணத்தை அவர்தம் நோன்பின் வழியாகவும் காணலாம். நிலம், நீர், தீ, காற்று, மரம் ஆகியவற்றிலும் ஓரறிவுயிர் உண்டு என்பது சமணக் கொள்கை. ஆகவே முனிவர் தீ மூட்டுதல் ஆகாது. விசிறியால் வீசிக் காற்றை அலைத்தலும் ஆகாது. கோடையில் விசிறியும் வாடையில் தடவும் விலக்கப்பட்ட ஒருவர்க்கு எஞ்சியிருப்பது இருப்பிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒன்றே. பெரும்பாறையின் உட்கவிப்பு அதற்கு உகந்தது. பகல் வெப்பம் பாறையின் தடிப்பைக் கடந்து உள்ளே வருவதற்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். இரவுக் குளிரும் அவ்வாறே தயங்கித் தயங்கி வரும். தமிழ்நாட்டின் வேறு பல குன்றுகளில் இவ்வமைப்பு இன்னும் தெளிவாகக் காணப்படுகிறது. மழைநீர் உள்ளே வழியாதபடி நெற்றியில் வெட்டிய நீர்வடி விளிம்பு, வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கை, ஒருபுறம் தலையணை போன்ற மேடு ஆகியன அங்குள்ளவை. மாங்குளம், சித்தன்னவாசல் போன்ற இடங்களின் தமிழ்ப் பிராமி எழுத்துகள் அத்தகைய உறைவிடங்களைப் பள்ளி என்றும் அதிட்டானம் என்றும் குறிக்கின்றன. வேனிற்பள்ளி, கூதிர்ப்பள்ளி, சமணப்பள்ளி ஆகிய மூன்றிலும் நிற்கும் பள்ளி என்னும் சொல் படுக்கையை உணர்த்துவது என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

துறவியர் வாழ்க்கையை இல்லறத்தார் மேற்கொள்ள இயலாது. ஆயினும் ஒரு பொருளை எரிக்காமலும் அசைக்காமலும் உடலுக்கு ஆறுதல் பெறலாம் என்பதற்கு இம்மலை சான்று. அச்சான்றின் எல்லைக்குள்தான் ஆரணியின் தறிகள் இருக்கின்றன.

குழித்தறி

ஆரணிப் பட்டின் பெருமையை நெசவுத் தெருக்களில் கேட்கலாம். கமண்டல நாகநதிக் கரையில் அதற்கு நெடுங்கால வரலாறு உண்டு. ஆனால் பட்டு நெய்பவனுக்குக் காற்று ஒரே வேளையில் நண்பனும் பகைவனுமாகும் என்பது வெளியார் அறியாதது. பட்டிழை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரம் இருப்பதே இயல்பு நிலை என்று வாணிகத்தில் கணக்கிடுவர். வெப்பக்காற்று அந்த ஈரத்தைக் குடித்துவிட்டால் பாவிழை விறைத்து அறும். அறுந்த இழையைத் தேடி முடிச்சிடுவதில் பொழுது போகும். கூலி புடவைக்கே அன்றிப் பொழுதுக்கு இல்லை.

குழித்தறி இதற்கு விடையாக அமைந்தது. நெசவாளர் தரையோடு தரையாக அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிறார்; பாவு தரைக்குச் சற்று மேலே நீண்டு கிடக்கிறது. மண்ணின் ஈரம் குழி வழியே எழுந்து பாவை நனையாமல் நெகிழ வைக்கிறது. மேற்பரப்பு கொதிக்கும் சித்திரையிலும் முழங்கால் ஆழத்தில் மண் அவ்வளவு சூடேறுவதில்லை. ஆதலால் நெய்பவரின் கால்களும் ஆறியிருக்கும். சாணம் மெழுகிய தரை, நாட்டு ஓடு வேய்ந்த தாழ்ந்த கூரை, மண் சுவர், வாயிலில் தெளித்த நீர் ஆகிய ஒவ்வொன்றும் அவ்வீரத்தைக் காத்தன. தறிக்கு ஏற்ற வீடே மனிதருக்கும் ஏற்ற வீடாயிற்று. எது எதற்காகச் செய்யப்பட்டது என்று பிரித்துரைத்தல் அரிது.

இதனைப் புகழும்போது ஐப்பசி கார்த்திகையை மறத்தல் கூடாது. அடைமழையில் அதே குழியில் நீர் ஊறும். தறி நிற்கும், அடுப்பும் நிற்கும். மேடைத்தறியும் சட்டத்தறியும் வந்தபோது நெசவாளர் பலர் அவற்றை விரும்பியதற்கு இதுவும் காரணம். பழைமையில் எல்லாம் நலமே என்று எழுதுவோர் மழைக்காலத்துக் குழித்தறியில் ஒரு வாரம் அமர்ந்து பார்த்தல் வேண்டும்.

இங்கு ஒரு வியப்பான ஒற்றுமையைச் சுட்டாமல் செல்ல இயலவில்லை. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதனைச் சீர்செய்ய வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் வகுத்த பொறியே இன்றைய குளிர்சாதனத்தின் முன்னோடி. அதற்கு நான்காண்டுகள் கழித்து, 1906இல், ‘ஏர் கண்டிஷனிங்’ என்னும் தொடரை முதலில் ஆண்ட ஸ்டூவர்ட் கிரேமர், வட கரோலினாவின் நூலாலைகளுக்காகவே அதனை ஆண்டார். இழை அறாமல் இருக்கக் காற்றுக்கு ஈரம் ஊட்டுவது அவர் நோக்கம். மனிதரின் சுகத்துக்காக அன்றித் தாளுக்காகவும் இழைக்காகவும் பிறந்த கலை அது. ஆரணி நெசவாளர் மண்ணைத் தோண்டிக் கண்ட விடையை அமெரிக்க ஆலைகள் பொறியைச் சுழற்றிக் கண்டன.

மெத்தை வீடும் அடுப்பங்கரையும்

தொண்டை நாட்டுச் சிற்றூர்களில் மாடி வைத்த வீட்டை மெத்தை வீடு என்பர். அதன் தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப் பொறியியலாரால் வழங்கப்பட்டது. தேக்கு உத்திரங்களின்மேல் கட்டைகளைப் பரப்பி, மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைப்பர். அதன்மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக அமர்ந்து நாட்கணக்கில் பலகையால் தட்டுவர். முடிவில் தட்டோடு பதிப்பர். அத்தளம் தடிப்பு மிக்கது; வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடுவது. முற்றத்துக் காற்று இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிர்ந்து கீழே தங்கும். விடிந்து வெகுநேரம் வரை தாழ்வாரம் அதனால் ஆறியிருக்கும். உள்நாட்டில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு மிகுதி என்பதால் முற்றம் அங்கே சிறந்த பயன் தருகிறது. கடற்கரை ஊர்களிலோ இரவும் புழுங்குவதால் முற்றத்தைக் காட்டிலும் எதிரெதிர்ச் சாளரங்களே துணை.

1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின் சீமை ஓடு இங்கும் பரவியது. நாட்டு ஓட்டைப் போல் ஆண்டுதோறும் மாற்றி அடுக்கும் வேலை அதற்கில்லை. ஆனால் இரண்டு மூன்று அடுக்காக வேய்ந்த நாட்டு ஓடுகளின் இடைவெளிக் காற்று தந்த தண்மையும் அதற்கில்லை.

இவ்வீடுகளைப் பற்றி எழுதுவோர் திண்ணையையும் முற்றத்தையும் பாடி நிறுத்திக்கொள்வது வழக்கம். திண்ணை ஆடவரின் இடம். வேனிற்பகலில் காற்று வரும் அந்த மேடையில் வீட்டுப் பெண்கள் அமர்ந்ததில்லை. அவர்களின் இடம் பின்கட்டிலிருந்த அடுப்பங்கரை. சாளரம் சிறுத்து, புகைக்கூண்டும் பெயரளவில் இருந்த அவ்வறையில் சுள்ளியும் வறட்டியும் எரிய, சித்திரை வெயிலோடு அடுப்பின் அனலும் சேரும். வீட்டைக் குளிர்வித்த கலையில் நாம் வல்லவர். வீட்டின் ஒரு மூலையை ஆண்டு முழுவதும் கொதிக்க விட்டதிலும் வல்லவர். விறகடுப்பின் புகை மூச்சுநோய்க்கும் கண்நோய்க்கும் வழி என்று மருத்துவம் மெய்ப்பித்துள்ளது. எரிவாயு அடுப்பு வந்ததைச் சுற்றுச்சூழல் நோக்கில் மட்டும் எடைபோடுவோர், அந்த அடுப்பங்கரையில் நின்றவர்களைக் கேட்ட பின்னரே தீர்ப்புக் கூற வேண்டும். கட்டுரைகளில் காணும் குளிர்ந்த பழைய வீடு பெரும்பாலும் திண்ணையிலிருந்து பார்க்கப்பட்ட வீடே.

பனிக்கட்டி வந்த கப்பல்

சென்னைக் கடற்கரையில் வட்ட வடிவில் நிற்கும் விவேகானந்தர் இல்லம் 1842இல் பனிக்கட்டி சேமிக்கக் கட்டப்பட்டது. பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்கால ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, மரத்தூளிட்டுக் கப்பலேற்றி வெப்பநாடுகளுக்கு விற்றார். 1833இல் கல்கத்தாவுக்கு அவர் அனுப்பிய முதற்கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, வழியில் உருகியது போக 100 டன் அளவில் கொண்டு சேர்த்தது. ஒரு வெள்ளைக்காரரின் குடிநீர்க் குவளையைக் குளிர்விக்கப் பாதி உலகைச் சுற்றி வந்த பனிக்கட்டி அது. பங்கா இழுக்கும் ஆளும், வாயிலில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டிக்கு நீர் தெளிக்கும் ஆளும் அவர்க்குப் போதவில்லை. நீராவிப் பொறியால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அவ்வாணிகம் நொடித்தது. 1897இல் விவேகானந்தர் அங்குத் தங்கியபோது அக்கட்டடம் கைமாறி வீடாகியிருந்தது. குளிர்ச்சியை ஓரிடத்தில் உண்டாக்க வேறோரிடத்தில் விலை கொடுக்க வேண்டும் என்னும் கணக்கு நம் மண்ணில் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

இன்றைய குளிர்சாதனமும் அக்கணக்குக்கு உட்பட்டதே. அது குளிரைப் படைப்பதில்லை. அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில் கொட்டுகிறது. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பெரிதும் நிலக்கரி வேண்டும். உள்ளே ஓடும் வளியும் குற்றமற்றதன்று. பழைய குளோரோபுளோரோ கார்பன்கள் ஓசோன் படலத்தை அரித்தமையால் 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றை விலக்கியது. அவற்றின் இடத்தில் வந்தவை ஓசோனைக் காத்தாலும் புவியைச் சூடாக்குவதில் கரியமில வளியைப் பன்மடங்கு விஞ்சின. ஆதலால் 2016இல் கிகாலி நகரில் திருத்தம் ஒன்று வகுக்கப்பட்டு, 2021இல் இந்தியாவும் அதனை ஏற்றது. ஆர்-22 என்னும் வளி கரியமில வளியைப்போல் ஏறத்தாழ 1,800 மடங்கு வெப்பமூட்டுவது. ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. புரொப்பேன் ஒற்றை இலக்க அளவே. பொறியின் இயல்பு நிலை 24 பாகையாக இருத்தல் வேண்டும் என 2020 சனவரி முதல் இந்தியாவில் விதி உள்ளது. ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது அதன் அடிப்படை.

பொறியின்றியே இக்காலக் கட்டடமும் குளிரும் என்பதற்குச் சான்று அருகிலேயே உண்டு. புதுச்சேரியில் 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டா விடுதியை அந்தோனின் ரேமண்ட் வரைந்தார். ஜார்ஜ் நாகசிமா உடனிருந்து கட்டுவித்தார். முழுவதும் கான்கிரீட்டால் ஆன அக்கட்டடத்தில் சாளரத்துக்கு மாறாகச் சுவர் முழுதும் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள். தளத்தின்மேல் காற்று ஓட இடைவெளி விட்டு வளைந்த ஓடுகள். கான்கிரீட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர்க்கு அது மறுமொழி. லாரி பேக்கர் கேரளத்தில் எலிப்பொறி அடுக்கினால் செங்கல்லில் ஏறத்தாழக் கால்பங்கைக் குறைத்துச் சுவருக்குள் காற்றைச் சிறைவைத்தார். தளத்தின் அடிப்பகுதியில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். உலகின் கரியமில வளியில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சிமெண்டால் விளைவது என்பதை நினைத்தால் அச்சிக்கனத்தின் பயன் விளங்கும்.

தளத்தின் கீழ்

ஓலைக்குடிசை எரியும், ஒழுகும், புயலில் பறக்கும். குடிசையில் பிறந்தவர்க்குக் கான்கிரீட் தளம் வெறும் கூரையன்று, அச்சத்திலிருந்து விடுதலை. 2010இல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டமும், 2011இல் வந்த பசுமை வீடுகள் திட்டமும், 2030க்குள் குடிசையில்லாத் தமிழகம் காண 2024இல் வந்த கலைஞர் கனவு இல்லமும் அவ்விடுதலையை நோக்கியவை. ஆயினும் நான்கைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் வெயிலை விழுங்கி முன்னிரவில் உள்ளே உமிழ்கிறது. திருமலைப் பாறைக்கு இருக்கும் தடிப்பு அதற்கில்லை. ஓலைக்கு இருக்கும் இலேசும் அதற்கில்லை. தாழ்ந்த கூரையும் மண் தரையும் போய்ச் சிமெண்டுத் தரையும் தளமும் வந்த வீட்டில் தறியை வைத்த நெசவாளர்க்குப் பகலில் இழை அறுகிறது. இரவில் உறக்கம் அறுகிறது. மின்விசிறி உடலுக்கு உதவும். உலர்ந்த காற்றைச் சுழற்றி இழைக்கு ஊறு செய்யும். குளிர்சாதனமோ காற்றின் ஈரத்தையே வடித்து வெளியேற்றுவது. ஆலைக்காக ஈரம் ஊட்டப் பிறந்த கலையின் வழித்தோன்றல், பட்டுத்தறி இருக்கும் அறைக்கு இன்று ஆகாத ஒன்றாயிற்று.

2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதற்கு முன்பே, 2013இல், அகமதாபாத் மாநகரம் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் வகுத்திருந்தது. 2023இல் தெலங்கானா குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. குளிர்கூரை என்பதன் எளிய வடிவம் வெண்மை. புதிதாக அடித்த சுண்ணாம்பு, வெயிலில் பத்தில் ஏழு பங்கையேனும் திருப்பி அனுப்பும். அழுக்கேறிய கான்கிரீட் அதில் பாதியைக்கூட அனுப்பாது. பொங்கலுக்குச் சுவரை வெள்ளையடிக்கும் நம் வழக்கத்தைக் கோடைக்கு முன் கூரைக்கும் நீட்டினால் போதும். அதற்கு வேண்டியவை ஒரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு தூரிகையும் ஒரு காலைப்பொழுதுமே. மழைக்குப் பின் அது மங்கும்; அடுத்த பங்குனியில் மீண்டும் அடிக்க வேண்டும்.

நெசவுத் தெருக்களில் இவ்வேலை பரவலாக நடைபெறவில்லை. முற்பகல் ஏறியதும் தறியைச் சுற்றிய சிமெண்டுத் தரையில் நீர் தெளிக்கின்றனர். ஈரச்சாக்கைச் சாளரத்தில் தொங்கவிடுகின்றனர். நண்பகலில் தறியை விட்டெழுந்து, தளத்தின் அனல் தணிந்த பின்னிரவில் மீண்டும் அமர்வோரும் உண்டு. வேனிற்பள்ளி இல்லாத வீட்டில் மாற்றிக்கொள்ள அவர்களிடம் எஞ்சியிருப்பது அந்த வேளை மட்டுமே.